கம்ப்யூட்டர் இழுக்குது, நெட் சுத்துது: கொங்கு வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன் வீடாக இருக்கட்டும், கோபி, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையாக (தோட்ட வீடாக) இருக்கட்டும், கோவை அபார்ட்மென்ட்டாக இருக்கட்டும், புகார் ஒன்றேதான்: "ஸ்லோவா இருக்குதுங்க." காரணம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். அது எது என்று பார்க்காமல் ரேம் வாங்கிப் போடுவதும், பிளானை மாற்றுவதும், புது ரூட்டர் வாங்குவதும்தான் நடக்கிறது. காசு போகும், கோளாறு போகாது. அதனால் இங்கே எதை வாங்குவது என்பதைவிட முதலில் எதைப் பார்ப்பது என்பதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். விண்டோஸ் கணினியையும் வீட்டு ஃபைபர் இணைப்பையும் மனதில் வைத்து எழுதியது இது.

ஏனுங்க, எல்லாமே ஸ்லோவா இருக்குதுங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, கணினியில் இருக்கும் போட்டோ ஃபோல்டரையோ எக்செல் கணக்கையோ திறந்து பாருங்கள். நெட் இல்லாமலே இழுத்தால் கோளாறு கணினியில் இருக்கிறது. பிளானை 200 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் அது மாறாது.

நெட் இல்லாதபோது விறுவிறுவென்று ஓடுகிறது, நெட்டைப் போட்டால்தான் சுத்துகிறது என்றால் அடுத்த சோதனை: அதே வைஃபையில் ஒரு நல்ல போனை, கணினி இருக்கும் அதே இடத்தில் வைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். போனில் நன்றாக வந்து கணினியில் வராவிட்டால் கணினியின் வைஃபை பாகமோ பிரவுசரோ காரணம். இரண்டிலுமே மோசம் என்றால் ரூட்டருக்குப் பக்கத்தில் போய் இன்னொரு தடவை போடுங்கள். அங்கே நன்றாக வந்தால் வீட்டுக்குள் வைஃபை எட்டவில்லை என்று அர்த்தம். அங்கேயும் மோசம் என்றால்தான் நெட் கொடுப்பவருக்குப் போன் போட வேண்டும்.

இதற்குப் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

தினமும் ஷட் டவுன் பண்ணித்தான் வெக்கறோம். அப்புறமும் ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்றீங்களே?

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் உட்பகுதியின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்துத் தொடர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'அப் டைம்' என்று ஒன்று காட்டும். தினமும் அணைத்த கணினியில் அது இருபது நாள் என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து என்னத்தப் பாக்கறதுங்க?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று வரிசையாகச் சதவீதம் காட்டும். கணினி இழுக்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களிடம் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். மெமரி 85, 90-ஐத் தாண்டியே நின்றால் ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், பற்றாக்குறை. சிபியு (பிராசசர்) எந்நேரமும் உச்சத்தில் இருந்தால், அந்தத் தலைப்பின் மேல் ஒரு கிளிக் கொடுங்கள். எந்த புரோகிராம் விழுங்குகிறது என்று மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் பிரவுசர், இல்லாவிட்டால் ஆன்டிவைரஸ், இல்லாவிட்டால் பின்னணியில் ஓடும் விண்டோஸ் அப்டேட். அப்டேட் என்றால் ஒரு மணி நேரம் விட்டுப் பிடியுங்கள்.

அங்கேயே ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம் இருக்கிறது. கணினியைப் போட்டதும் தானாக எழுந்துகொள்ளும் புரோகிராம்களின் பட்டியல் அது. பிரிண்டர் கம்பெனி, போன் கம்பெனி, கேம் கம்பெனி என்று அழையா விருந்தாளிகள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். 'டிசேபிள்' கொடுத்தால் புரோகிராம் அழிந்துவிடாது, தானாக எழாது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ், சவுண்ட், டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

எஸ்எஸ்டி போட்டா பறக்கும்னு சொல்றாங்க. நெசமுங்களா? இல்ல யாவாரமுங்களா?

நிஜம். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை என்பது என் முடிவான கருத்து.

ஹார்ட் டிஸ்கில் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும். ஒரு முனை அதன் மேல் அங்குமிங்கும் நகர்ந்து தேடிப் படிக்கும். ஒரே பெரிய சினிமா ஃபைலை நேராகப் படிப்பதென்றால் நொடிக்கு 100 எம்பிக்கு மேலேயே போகும், குறை சொல்ல முடியாது. ஆனால் விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைச் சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்து பொறுக்க வேண்டும். அந்த மாதிரித் தேடலை ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது தடவைதான் செய்யும். எஸ்எஸ்டி என்பது தகவலைத் தட்டில் அல்லாமல் சிப்பில் வைக்கும் டிஸ்க். அதில் அசையும் பாகமே இல்லாததால் பல ஆயிரம் தடவை செய்யும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பி வரை படிக்கும். பழைய லேப்டாப்பில் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அது அப்படியே உட்காரும். மெல்லிய குச்சி மாதிரி வரும் எம்.2 வகையை எல்லா போர்டும் ஏற்காது; வாங்குமுன் மாடல் எண்ணைக் கடையில் காட்டிக் கேளுங்கள்.

அளவு 256 ஜிபி போதும். விண்டோஸும் புரோகிராம்களும் அதில். கல்யாண வீடியோ, காதுகுத்து போட்டோ எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்கில். அதை ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வெளியே வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இழுப்போடு சேர்ந்து 'டிக், டிக்' என்று சத்தமும் வந்தால் அந்த ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது. அதற்கப்புறம் டீஃப்ராக், கிளீனர், ஸ்கேன் என்று எதையும் ஓட்டாதீர்கள். முதல் வேலை முக்கியமானதை வேறிடத்துக்கு எடுப்பது. மற்றதெல்லாம் பிறகு.

4 ஜிபி ரேம் பத்தாதுங்களா?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பத்தாது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி குறைந்தபட்சம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது நிறுவத்தான். நிம்மதியாக வேலை செய்ய அல்ல. ஒரு பக்கம் டேலி கணக்கு மென்பொருள், ஒரு பக்கம் குரோமில் ஜிஎஸ்டி பக்கமும் வாட்ஸ்அப் வெப்பும் திறந்திருக்கிற வீட்டுக்கு 8 ஜிபி வேண்டும். போட்டோஷாப், வீடியோ எடிட்டிங் இருந்தால் 16.

ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. லேப்டாப் ரேம் வேறு, டெஸ்க்டாப் ரேம் வேறு. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ரேமா எஸ்எஸ்டியா, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி. ரேம் குறைந்தால் விண்டோஸ் டிஸ்கைத்தான் தற்காலிக ரேமாக எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் வேகமாக இருந்தால் அந்த அடி அவ்வளவாகத் தெரியாது.

காத்தால நல்லா ஓடுதுங்க. மத்தியானம் ஆனா செத்துப்போகுது. ஃபேன் வேற ஜெட் மாதிரி கத்துது.

சூடு. இந்தக் கேள்வியை மற்ற ஊர்க்காரர்களைவிட நம் ஊர்க்காரர்கள் அதிகம் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: பஞ்சு.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் என்று விசைத்தறி ஓடும் ஊர்களில் காற்றிலேயே பஞ்சு மிதக்கிறது. திருப்பூரில் பனியன் துணி வெட்டும் இடத்துக்கு மேல் மாடியிலேயே வீடு. அந்த வீட்டு லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். ஃபேன் இறக்கைகளுக்கும் காற்று வெளியே போகும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துண்டு வெட்டி வைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று அந்தப் பட்டையைத் தாண்டாது. ஈரோட்டில் மஞ்சள் மண்டிப் பக்கம் தூசி மஞ்சளாக இருக்கும், காங்கேயம் அரிசி ஆலைப் பக்கம் உமித்தூசி. பஞ்சு மட்டும்தான் இப்படிப் பாய் மாதிரி பின்னிக்கொள்ளும்.

உள்ளே வெப்பம் 90, 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைப் பாதியாக, கால்வாசியாகக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மாத மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் போட்டுவிட்டு வந்து, திரும்பவும் அதே கதை என்று சொல்பவர்கள் உண்டு.

சுத்தம் செய்யும் முறை: பவரைப் பிடுங்குங்கள்; லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். ஃபேன் இறக்கை சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷாலும் கைப் புளோயராலும் தட்டுங்கள். தறிக்குடோனில் கம்ப்ரசர் சும்மாதானே இருக்கிறது என்று அதை வைத்து அடிக்காதீர்கள். அழுத்தம் அதிகம், தொட்டியில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து தெறிக்கும், ஃபேன் கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் போகும். பிராசசர் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் நாலைந்து வருடத்தில் காய்ந்துவிடும். திறந்த கையோடு அதையும் மாற்றச் சொல்லுங்கள். லேப்டாப்பைத் திறந்து பழக்கமில்லாவிட்டால் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய ரிப்பன் ஒன்று அறுந்தால் செலவு பல மடங்கு.

தறி ஓடும் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. மற்ற வீடுகளில் வருடம் ஒரு தடவை போதும். மெத்தை மேல் வைத்து வேலை செய்வதையும் விடுங்கள், காற்று இழுக்கும் துளை அடிப்பக்கம்தான் இருக்கிறது.

விண்டோஸ் 10-ஐ நிறுத்திட்டாங்களாமே. அதனாலதான் ஸ்லோவா?

அதனால் இல்லை. 14 அக்டோபர் 2025-உடன் விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. கணினி ஓடுவது நிற்காது, வேகமும் குறையாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. வீட்டு உபயோகிப்பாளர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் அக்டோபர் 2026 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

விண்டோஸ் 11 முறைப்படி ஏற பெரும்பாலும் இன்டெல் 8-ம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். அதற்கு முந்தைய கணினியில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏறும், ஆனால் பிற்பாடு அப்டேட் தகராறு செய்யலாம். நெட் பார்க்க, பட்டா சிட்டா எடுக்க, கரண்ட் பில் கட்ட மட்டுமே என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். டேலி இருக்கும் வீட்டுக்கு இந்த யோசனை ஒத்துவராது.

அரசு கொடுத்த லேப்டாப் வீட்ல சும்மா கெடக்குதுங்க. தேறுமுங்களா?

விலையில்லா லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. வருடத்துக்கு வருடம் மாடல் மாறியதால் பொதுவாகத் தேறும், தேறாது என்று சொல்ல முடியாது. ரேம் 4 ஜிபிக்கு ஏற்ற முடிந்தால், எஸ்எஸ்டி போட்டு, இலகுவான லினக்ஸ் ஏற்றி, பிள்ளைகள் டைப் அடிக்கவும் பாடம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி பெரும்பாலும் போயிருக்கும். அடிப்பகுதி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியும் மாற்றி, ஸ்கிரீனும் மாற்றி, கீபோர்டும் மாற்றி அதைக் காப்பாற்றுவது வீண் வேலை.

ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா இன்னும் பத்திரம்தானுங்களே?

இல்லை. ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு பேரும் மாறி மாறிச் சோதித்தால் கணினி நகராது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். 'கிளீனர்', 'பூஸ்டர்', 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயரில் இருப்பதையெல்லாம் நீக்குங்கள். அவற்றை நீக்கியதும் கணினி வேகமாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திருட்டு விண்டோஸ், திருட்டு போட்டோஷாப் போட்ட கணினியில் ஆன்டிவைரஸ் பற்றிப் பேசுவதே வீண்.

100 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு வாங்கறாங்க. டவுன்லோடு போட்டா 12-தான் காட்டுது. ஏமாத்தறாங்களா?

ஏமாற்றவில்லை, சரியாகத்தான் வருகிறது. பிளானில் போடுவது மெகாபிட். டவுன்லோடு காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. அதில் 11, 12 வந்தால் முழு வேகமும் வருகிறது.

300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். எத்தன தடவ டெஸ்ட் போட்டாலும் 94, 95-ஐத் தாண்ட மாட்டேங்குதுங்க.

94, 95-ல் சுவர் எழுப்பின மாதிரி நின்றால் வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று இடம் பாருங்கள். ஒன்று, ரூட்டரின் போர்ட்: விலை குறைந்த பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100. இரண்டு, நெட்வொர்க் கேபிள்: கிகாபிட் போக எட்டுக் கம்பியும் வேண்டும். நாலு கம்பியை மட்டும் கிரிம்ப் செய்திருந்தாலோ, ஒரு கம்பி அறுந்திருந்தாலோ 100-க்கு இறங்கிவிடும். மூன்று, பழைய கணினியின் போர்ட்டே 100 ஆக இருக்கலாம்.

கம்பியில்லாமல் வைஃபையில் 40, 50-ல் நின்றால் பெரும்பாலும் நீங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

ஹால்ல நல்லா வருதுங்க. பெட்ரூமுக்குப் போனா சுத்துது.

இன்றைய ரூட்டர்களில் இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீட்டு வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொண்டால் எதில் இருக்கிறோம் என்று தெரியும். ரூட்டர் இருக்கும் அறையில் 5, தள்ளி இருந்தால் 2.4. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் 2.4-ஐ 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் எது காலியாக இருக்கிறதோ அதில் வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அவைதான்.

இதற்கெல்லாம் முன்னால் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேபிள்காரர் வயர் நுழைந்த இடத்திலேயே, டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலோ மாட்டிவிட்டுப் போயிருப்பார். இரும்பைத் தாண்டி அலை போகாது. வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பத்து மீட்டர் ஃபைபர் வயர் கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வாங்குவதற்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது.

தோட்டத்துல வீடு ஒரு பக்கம், பெரியவங்க இருக்கற சாளை ஒரு பக்கம், நடுவுல கட்டுத்தரை. ரிப்பீட்டர் போட்டும் வரலீங்க.

வராது. சாதாரண ரிப்பீட்டர் அதே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். அதுவும் ஏற்கெனவே பலவீனமான இடத்தில் அதை மாட்டினால், பலவீனமானதைத்தான் திருப்பி அனுப்பும்.

கம்பி இழுப்பதுதான் வழி. கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகும். வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற வகையாக, முழுத் தாமிரக் கம்பியாக வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேல் தாமிரம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும். நீளம் கூடக்கூடத் தகராறு செய்யும். மறுமுனையில் ஒரு ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக, அதாவது கம்பியில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக, வைத்தால் சாளையிலும் அதே வேகம்.

இரண்டு கட்டடத்துக்கு நடுவே தாமிரக் கம்பி திறந்தவெளியில் ஓடினால் கோடை மழை இடிக்கு ஆபத்து. சித்திரை, வைகாசியில் ஒரு மின்னல் போதும். இரண்டு பக்கத்து ரூட்டரும், சில சமயம் கணினியும் சேர்ந்து போகும். அதனால் 100 மீட்டருக்கு உள்ளேயே இருந்தாலும் ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் நெட்வொர்க் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வைப்பதைத்தான் நான் சொல்வேன். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. கேபிள்காரர்களிடமே வயரும் ஆளும் கிடைக்கும்.

இரு வீடும் நேருக்கு நேர் தெரிகிறதென்றால் இருபக்கமும் வைக்கும் வெளிப்புற வயர்லெஸ் பிரிட்ஜும் உண்டு. ஆனால் தென்னை வளரும். இன்று தெரிகிற நேர்கோடு மூன்று வருடத்தில் மட்டைக்குப் பின்னால் போய்விடும்.

ராத்திரி 8 மணியிலிருந்து 11 மணி வரைக்கும் மட்டும் சுத்துதுங்க.

வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் வருகிறது. ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்கே தண்ணீர் விடுகிற கதைதான். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தெரிந்துவிடும். பல சமயம் இந்தப் பிரிப்பைவிட, உள்ளூர் ஆபரேட்டர் மேலிடத்திலிருந்து மொத்தமாக வாங்கும் அளவு குறைவாக இருப்பதுதான் காரணம். ஐபிஎல் நடக்கும் இரவுகளில் நன்றாகவே தெரியும்.

விடியற்காலையும் ராத்திரி 9 மணிக்கும், வைஃபை இல்லாமல் கேபிளில் செருகி டெஸ்ட் போட்டு, ஒரு வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "ஸ்லோவா இருக்குதுங்க" என்றால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். படத்தைக் காட்டினால் பேச்சு மாறும்.

மாதக் கடைசியில் மட்டும் இப்படி என்றால் அது எஃப்யுபி: குறிப்பிட்ட ஜிபி தாண்டியதும் பிளானே வேகத்தைக் குறைக்கிறது. இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ் ஆக இருந்தது. 2023-ல் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். அந்த 2-ல் வீடியோ கிளாஸ் ஒன்று ஓடும், வீடே ஓடாது.

ஸ்பீடு டெஸ்ட்ல நல்லா வருது. ஆனா வீடியோ கால் பேசினா திக்கித் திக்கி வருதுங்க.

டவுன்லோடை மட்டும் பார்க்காதீர்கள், அப்லோடையும் பாருங்கள். தோட்டத்துக்கும் கோழிப்பண்ணைக்கும் சிசிடிவி போட்டு, எல்லாக் கேமராவையும் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் ஒரு கேமராவுக்கே 2 முதல் 4 எம்பிபிஎஸ் அப்லோடு போகும். கல்யாணத்துக்குப் போய் வந்த போன் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாலும் அதே கதி. கேமராவை உள்ளூர் ரெக்கார்டரில் பதியச் செய்து, அசைவு இருந்தால் மட்டும் கிளவுடுக்கு அனுப்பும்படி வையுங்கள்.

இன்னொரு சோதனை: விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் (பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும்) கட்டளை கொடுத்து, முதலில் ரூட்டரின் எண்ணையும், பெரும்பாலும் 192.168.1.1, பிறகு 8.8.8.8-ஐயும் அடியுங்கள். ரூட்டருக்கே நேரம் ஏறி இறங்கினால் கோளாறு உங்கள் வைஃபையில். ரூட்டர் சீராக இருந்து 8.8.8.8 மட்டும் விட்டுவிட்டு வந்தால் கோளாறு வெளியே. பக்கம் திறக்கத் தாமதம், திறந்தபின் வேகம் என்றால் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் சேவையை) 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். அதனால் டவுன்லோடு வேகம் கூடாது. கூடும் என்று வீடியோ போடுபவர்களை நம்ப வேண்டாம்.

பெட்டியில செவப்பு லைட் எரியுது.

எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு என்றால் ஒளி வரவில்லை: ஃபைபர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. தென்னமட்டை விழுந்திருக்கும், கரும்பு லோடு லாரி தாழ்வான வயரை இழுத்துப் போயிருக்கும், அணில் கடித்திருக்கும், ரோட்டு வேலை நடந்திருக்கும். உங்களால் செய்யக்கூடியது, வயர் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. ஃபைபரை விரல் தடிமனுக்கு வளைத்து ஆணியில் மாட்டினால் ஒளி கசிந்துவிடும். கனெக்டரைக் கழற்றி முனையைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது.

சிவப்பு இல்லை, ஆனால் அடிக்கடி விட்டுவிட்டு வருகிறதென்றால் லைன்மேனிடம் "பவர் எவ்வளவு காட்டுது" என்று கேளுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் எல்லைக்கோடு. மழை பெய்தாலோ காற்றடித்தாலோ விழும். ஜாயின்டை மறுபடி போட்டுத் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

போர் மோட்டார் போட்டா நெட் போயிருதுங்க!

மோட்டார் எழும் நொடியில் வோல்டேஜ் தாழ்கிறது, ரூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதைத்தான் நெட் போனதாக நினைக்கிறீர்கள். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள்.

எங்க தோட்டத்துக்கு ஃபைபரே வராதுன்னுட்டாங்க.

4ஜி, 5ஜி சிம் போடும் ரூட்டர்தான் வழி. டவர் எந்தத் திசையில் என்று பார்த்து, அந்தப் பக்க ஜன்னலில் அல்லது மொட்டை மாடியில் ஆன்டெனா வகையை வையுங்கள். ரூட்டரின் உள்பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று டவர் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். மைனஸ் 80-ஐ ஒட்டி வந்தால் அருமை, மைனஸ் 110-க்குக் கீழே போனால் எந்த பிளானும் உதவாது. ரூட்டரை ஒரு அடி நகர்த்தினாலே அந்த எண் மாறுவதைப் பார்க்கலாம். சிம் வாங்குமுன் உறவுக்காரர்களின் வெவ்வேறு கம்பெனி போன்களை அதே இடத்தில் வைத்து ராத்திரி நேரத்தில் டெஸ்ட் போட்டுவிட்டு வாங்குங்கள்.

"உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குது, நாங்க மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசறோம்"னு போன் வந்துச்சுங்க.

மைக்ரோசாஃப்ட் யாருக்கும் அப்படிப் போன் செய்யாது. வைத்துவிடுங்கள். அவர்கள் சொன்ன ரிமோட் புரோகிராமை ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களென்றால் நெட்டைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைக்குக் கொண்டு போனா உடனே ஃபார்மட் பண்ணலாங்கறாங்க.

சில சமயம் அது சரியான முடிவுதான். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்கிலேயே ஃபார்மட் போட்டால் ஒரு மாதம் நன்றாக ஓடி மறுபடி இழுக்கும். எஸ்எஸ்டி போடும்போது புதிதாக விண்டோஸ் ஏற்றுவது நல்லது. கொடுப்பதற்கு முன் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டேலி டேட்டா ஃபோல்டர் நான்கையும் நீங்களே பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டோம்" என்று கடைக்காரர் சொல்வது டி டிரைவை மனதில் வைத்து. உங்கள் பிள்ளையின் புராஜெக்ட் டெஸ்க்டாப்பில் இருக்கும். கழற்றிய ஹார்ட் டிஸ்கைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கின்றன. பழைய இரும்புக்குப் போடுவதாக இருந்தால், டிரில்லிங் மிஷினில் தட்டைத் துளைத்துவிட்டுப் போடுங்கள்.